அத்தியாயம் 17: இருபத்தாறுக்கு இருபத்தாறு

இன்னும் ஒன்பது மணி நேரம் இருபது நிமிடம் இருந்தது.

மாலை ஐந்து மணிக்குள் அப்பா ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அவர் அணியின் உயரமான பெண், எல்லோரும் ஏணி என்று கூப்பிடுகிறவள், பெரிய கல்லூரிக்குப் போய்விடுவாள். ஐந்தைத் தாண்டினால் இந்த வருட மாற்றல் முடிந்தது. அப்புறம் யார் காலில் விழுந்தாலும் நடக்காது.

படிவம் சாப்பாட்டு மேஜையில் டீ டம்ளருக்கு அடியில் கிடந்தது. சின்னவள் டம்ளரை நகர்த்திவிட்டு அதை நான்காவது தடவையாகப் படித்தாள். நான்கு தடவை படித்ததால் ஏழாவது வரியும் எட்டாவது வரியும் மாறிவிடவில்லை.

ஏழாவது வரி: மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் புதிய கல்லூரியில் இடம் உறுதி. எட்டாவது வரி: விடுவிக்கப்பட்ட மாணவிக்குப் பழைய கல்லூரியில் இருந்த விளையாட்டு இடம் அன்றே ரத்து.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள். இதில் ஆறும் இல்லாமல் சேறும் இல்லாமல் போகும்.

"என்ன சயின்டிஸ்ட், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்கிற?" அத்தான் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "எழுத்துப் பிழை ஏதாவது இருக்கா?"

"இல்ல அத்தான்."

"அப்ப கீழ வை. அழுது கிழுது மையைக் கலைச்சிடாத."

கேலிதான். பிள்ளையைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற வீடு மாதிரி இந்த வீடு இருக்கிறது என்று நேற்று வந்ததிலிருந்து அவர் சொல்லிக்கொண்டிருந்தார். சின்னவள் சிரிக்க முயன்றாள். வரவில்லை.

போன அத்தியாயம் வந்து ஒரு வாரம் ஓடிவிட்டதால், நினைவுபடுத்த நாலு வரி.

அப்பாவை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். இருபத்தொரு வருடமாக ஒரு நடுத்தரக் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர். கோப்பை வாங்குகிற அணியும் இல்லை, கடைசியில் வருகிற அணியும் இல்லை. "நாம சல்லடைக்குக் கீழ உக்காந்திருக்கிறவங்க" என்பார். சல்லடையில் நிற்பதைப் பெரிய கல்லூரிகள் அள்ளிக்கொள்ளும். கீழே விழுவதைப் பொறுக்கி மூன்று வருடம் தேய்த்தால் சில மணிகள் மின்னும். மின்னியதும் சல்லடைக்காரர்கள் திரும்ப வருவார்கள். இந்தத் தடவை வந்த சல்லடைக்காரர் சொந்த மாப்பிள்ளை, மூத்த மகள் பெரியவளின் கணவர். பெரிய கல்லூரியில் உதவிப் பயிற்சியாளராக அவருக்கு முதல் வருடம். கூடைக்கு அடியில் நிற்கிற ஒரு நல்ல சென்டராவது கொண்டு வராவிட்டால் இரண்டாவது வருடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சின்னவள் பட்டம் வாங்கியது இயற்பியலில். ஆய்வகத்தில் வேலை கிடைக்கும் வரைக்கும் என்று அப்பாவின் அணிக்கு ஒத்தாசைக்கு வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். அவளுக்கு இரண்டு வேலை. பள்ளிக்கூடங்களுக்குப் போய் ஆள் தேடுவது. திங்கட்கிழமை காலையில் ஆட்களை அளப்பது.

"வாயே தெறக்காத ஆளை ஆள் பிடிக்க அனுப்பினவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்" என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். ஆனால் பெற்றவர்களுக்கு அவளைப் பிடித்துவிடும். மற்ற கல்லூரிக்காரர்கள் வானத்தை வில்லாக வளைப்பார்கள். இவள் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதையும் பாதி மறந்துவிட்டு, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். பொய் சொல்லத் தெரியாத பெண் என்று நம்பிவிடுவார்கள்.

ஏணியையும் அப்படித்தான் பிடித்தாள். பார்க்கப் போனது வேறொரு பெண்ணை. அவள் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒருத்தி ஸ்டூல் போடாமல் விளையாட்டு விழா பேனரைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பந்து ஆடுவியா?"

"பிடிக்கவே தெரியாதுக்கா. மூஞ்சில வாங்கிப்பேன்."

மூன்று வருடம். முதல் ஏழு மாதம் கூடையைப் பார்த்து ஒரு பந்துகூட எறிய அப்பா அவளை விடவில்லை. சுவரில் டென்னிஸ் பந்தை அடித்துப் பிடி. ஈரப் பந்தைப் பிடி. முதுகைக் காட்டி நின்று, கூப்பிடும்போது திரும்பிப் பிடி. இரண்டாவது வருடம் கால். எந்தக் காலை முதலில் ஊன்றுவது, எதைச் சுழற்றுவது. மூன்றாவது வருடம் அவள் கூடைக்கு அடியில் கையைத் தூக்கி நின்றால் எதிரணிப் பெண்கள் பந்தை வேறு பக்கம் கொண்டுபோனார்கள்.

அந்த ஏணியின் இடது முழங்கால் ஆறு வாரமாகச் சரியில்லை.

இது ஏணிக்குத் தெரியும். சின்னவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்று சின்னவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

அப்பா செருப்பைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தார். காலையில் பந்துகளுக்குக் காற்றடிக்கப் போய்விட்டு வருவது அவர் வழக்கம். அதை யாரிடமும் விடமாட்டார்.

"என்ன மாப்பிள்ளை, தூக்கம் வந்துதா?"

"எங்க மாமா? எங்க ஹெட் கோச் காலையில அஞ்சரைக்கே போன். கையெழுத்தாச்சா, கையெழுத்தாச்சான்னு. பிரசவ ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறவர்கூட இவ்வளவு தவிக்க மாட்டார்."

"அஞ்சு மணிக்குள்ள போட்டுடறேன். எனக்குப் பிள்ளைகிட்ட ஒரு தடவை பேசணும். அவ வாயால கேட்டுட்டுத்தான் போடுவேன். இது வரைக்கும் எவளையும் பிடிச்சு வச்சதில்ல. தானா பிடுங்கிட்டு ஓடினவளுக்குக்கூடப் போட்டிருக்கேன்."

"தெரியும் மாமா." அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒண்ணு சொல்லட்டுமா? எங்க லிஸ்ட்ல ரெண்டு பேர் இருந்தாங்க. இன்னொருத்தி ஏணியைவிட ரெண்டு விரல் உயரம். ஆனா ஹெட் கோச் எதைப் பாத்து ஏணிதான் வேணும்னார் தெரியுமா? நீங்க போட்டோ பிடிச்சு அனுப்பினீங்களே, சயின்டிஸ்டோட நோட்டு. அதைப் பாத்து."

அப்பாவின் முகம் மலர்ந்தது. அவர் அப்படி மலர்வது அபூர்வம். அணி ஜெயித்தாலே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தவறுகளைச் சொல்கிறவர்.

"நான் சொல்லலை? ஒவ்வொரு திங்கக்கிழமையும். மழையா, காய்ச்சலா, லீவா, அதெல்லாம் கெடையாது."

"உயரமான பொண்ணுங்கன்னாலே ஒரு கால் நொண்டும். இவ எம்பினா வலது கால் இருபத்தாறு, இடது கால் இருபத்தாறு. தராசுல வச்ச மாதிரி. எங்க ஆளு அதைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பாக்கறார்."

சின்னவள் டம்ளரைத் திரும்பப் படிவத்தின் மேல் வைத்தாள்.

அந்த நோட்டைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லாதது ஒன்று இருந்தது. ஏணியிடமும் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கிட்டே போகாமலே விடிந்துவிட்டது.

அளக்கிற முறை எளிது. விரல் நுனியில் சாக்பீஸ் தூளைத் தொட்டுக்கொண்டு, சுவரில் கோடு போட்ட கறுப்புப் பட்டை ஓரமாக ஒற்றைக் காலில் நின்று எம்ப வேண்டும். நின்று தொட்ட உயரத்துக்கும் எம்பித் தொட்ட உயரத்துக்கும் உள்ள வித்தியாசம், சென்டிமீட்டரில். முதலில் வலது கால், அப்புறம் இடது. இரண்டுக்கும் நடுவில் மூன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தப் பெண் உட்கார வேண்டும். எந்த மேட்சாக இருந்தாலும் சரி. அப்பா போட்ட சட்டம் அது.

அந்தச் சட்டத்துக்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் இப்போது மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது.

பெரியவள் படியில் எப்போதும் பக்கவாட்டில்தான் இறங்குவாள். பத்தொன்பது வயதில் அப்பாவின் அணியில் ஆடியவள். "கொஞ்சம் வலிக்குதுப்பா" என்றவளை, "அரையிறுதி முடியட்டும்" என்று ஆட வைத்தார். முழங்கால் அரையிறுதியோடு முடிந்துவிட்டது. அப்பா அதற்கு இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. சட்டம்தான் போட்டார்.

"அத்தான்" என்றாள் சின்னவள். யாருக்கும் கேட்கவில்லை என்று மறுபடி சொன்னாள். "அத்தான், டாக்டர் பரிசோதனையை முதல்ல பண்ணிட்டு அப்புறம் கையெழுத்து வாங்கக் கூடாதா?"

அத்தான் அவளையே பார்த்தார். பிறகு மாமனாரைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தீங்களா மாமா? நேத்து ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமான்னா. இன்னைக்கு டாக்டர். நாளைக்கு நாள் நல்லால்லம்பா. அடியே, அஞ்சு மணிக்கு மூடிடுவான். டாக்டர் தேதி அடுத்த வாரம்தான். விட மனசில்லன்னா விட மனசில்லன்னு சொல்லு."

"அப்படி இல்ல..."

"அவளுக்கு வருத்தம் இருக்காதா மாப்பிள்ளை?" என்றார் அப்பா. "பேனர் கட்டிட்டு இருந்தவளைக் கூட்டிட்டு வந்ததே இவதானே."

அவர் பரிந்து பேசியதில் வாசல் இன்னும் இறுக்கமாகச் சாத்திக்கொண்டது. இனி இவள் என்ன சொன்னாலும் அது வருத்தத்தில் சொன்னதுதான்.

*

பதினொரு மணிக்கு விளையாட்டுக் கூடத்தில் யாரும் இல்லை. தகரக் கூரைக்கு அடியில் வெயில் கோடு கோடாக விழுந்திருந்தது. மேற்குப் பக்கத்துக் கூடைப் போர்டில் ஒரு போல்ட் தளர்ந்து, காற்றடித்தால் பல் கிட்டுகிற மாதிரி சத்தம் போடும்.

ஏணி கடைசி வரிசைப் படிக்கட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் பையும் பக்கத்திலேயே இருந்தது. எல்லாவற்றையும் கட்டிவிட்டாள் போலிருக்கிறது.

"அக்கா, இதைப் பாருங்க. அங்க ஹாஸ்டல்ல கட்டில் ரெண்டேகால் மீட்டராம். என் கால் உள்ளயே இருக்கும்."

அவள் சந்தோஷத்தைக் கெடுக்க வந்த மாதிரி இருந்தது சின்னவளுக்கு.

"கால் எப்படி இருக்கு?"

"இருக்கு."

"நேத்து அளந்தப்ப எறங்கும்போது முகம் சுளிச்ச."

"சுளிச்சா? மூஞ்சியே அப்படித்தான்க்கா."

"விளையாடாதே. அங்க மொத வாரமே டாக்டர் பாப்பார். பாத்துட்டு வேணாம்னுட்டா, இங்கயும் உன் இடம் இருக்காது. படிவத்துல போட்டிருக்கு. படிச்சியா?"

"அங்க டாக்டரே இருக்கார்ல? சரி பண்ணிடுவாங்க."

"சரி பண்ணிட்டுச் சேக்க மாட்டாங்க. பாத்துட்டுத்தான் சேப்பாங்க."

ஏணி காலை மடக்கினாள். மடக்கும்போது கையால் முழங்காலுக்கு அடியில் பிடித்து எடுத்தாள். தானாக மடங்கவில்லை.

"அக்கா, எங்க வீட்ல இருந்து வெளியூர்ல படிக்க வந்த மொத ஆளு நான். மூணு தங்கச்சிங்க இருக்காளுங்க, மூணும் என்னை மாதிரியே வளருது. நான் நின்னா அதுங்களும் நிக்கும்." பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டாள். "மாஸ்டர்கிட்ட நீங்க சொல்லிடுவீங்களா?"

"நீயே சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க."

"நான் சொல்ல மாட்டேன்."

"ஏணி..."

"ஆறு வாரத்துக்கு முன்னாடி மாஸ்டர்கிட்ட சொல்லாதீங்கன்னு நான் கெஞ்சினப்ப நீங்க சரின்னீங்க. அப்ப முடிஞ்சது, இப்ப ஏன்க்கா முடியல?"

ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரே ஒரு மேட்ச் என்றுதான் இருந்தது. சுவரில் கோடு தப்பாக இருக்கலாம், சாக்பீஸ் வழுக்கியிருக்கலாம் என்றும் தோன்றியது. ஒரு அளவை வைத்து எதையும் முடிவு பண்ணக் கூடாது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அடுத்த வாரம் இன்னொரு அளவு வந்தது. முதல் வாரத்தை மறைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் சொல்ல முடியவில்லை.

அப்பா எப்படிக் கவனிக்காமல் போனார் என்பதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. முன்பெல்லாம் அவர் பெண்களின் காலைப் பார்ப்பார். ஓடும்போது, தண்ணீர் குடிக்கப் போகும்போது, மேட்ச் முடிந்து பையைத் தூக்கும்போது. நோட்டு வந்த பிறகு நோட்டைப் பார்க்கிறார். பெற்ற மகள் எழுதிய நோட்டு.

*

ஒன்றரை மணிக்குப் பெரியவள் கூடத்து வாசலில் அவளை மறித்தாள்.

"எங்க போற?"

"அப்பாகிட்ட."

"எதுக்கு?"

பேசாமல் இருப்பது சின்னவளுக்குக் கைவந்த கலை. ஆனால் அக்காவிடம் செல்லாது.

"ஊமைக் கோட்டான் மாதிரி நிக்காத. அந்தப் பொண்ணு கால் விஷயமாத்தானே?"

தளர்ந்த போல்ட் கடகடத்தது.

"உனக்கெப்படி..."

"எனக்கு எப்படியா? நேத்து ஹாஸ்டல் படியில அவ எறங்கினதைப் பாத்தேன். பக்கவாட்டுல, இடது காலை முதல்ல வச்சு. உலகத்துல யாரு அப்படி எறங்குவான்னு எனக்குத் தெரியாதா?" பெரியவள் சுவரில் சாய்ந்து தன் காலுக்கு ஓய்வு கொடுத்தாள். "இப்ப பன்னண்டு மணிக்குப் போய்ப் பேசினேன். வலிக்குதுக்கான்னு அழுதா. என் பையில இருந்த வலி மாத்திரை ரெண்டு குடுத்துட்டு வந்தேன்."

"குடுத்துட்டியா?"

"என்ன பண்ணச் சொல்ற? வலிக்குதுன்னு ஒருத்தி அழறா. பையில மாத்திரை இருக்கு."

"அத்தானுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் கூடாது. தெரிஞ்சா அவர் அப்பவே படிவத்தைக் கிழிச்சிடுவார். அவர் அப்படிப்பட்ட ஆளு." சொல்லிவிட்டுத் தோள் பையை இறுக்கிக்கொண்டாள். பெருமையா பயமா என்று சொல்ல முடியாது. "பத்து வருஷம் ஸ்கூல் பசங்களுக்கு விசில் ஊதிட்டு இப்பத்தான் ஒரு இடத்துல உக்காந்திருக்கார். முதல் வருஷம்டி. வெறுங்கையோட போனா மறுபடி விசில்தான்."

"அவ கதி?"

"அங்க ஸ்கேன் இருக்கு. நாலு டாக்டர் இருக்காங்க. இங்க என்ன இருக்கு? ஐஸ் பை. எனக்கு வச்சீங்களே, அதே ஐஸ் பை." குரல் ஏறிவிட்டது. தாழ்த்திக்கொண்டாள். "இன்னைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கோ. நீ மூடிக்கிறது என்ன புதுசா?"

அக்கா திரும்பி நடந்தாள். ஒரு கால் சற்றே பிந்தி வந்தது. அந்த நடையைப் பார்த்துக்கொண்டே சின்னவள் எத்தனையோ வருடம் பின்னால் நடந்திருக்கிறாள். பள்ளிக்கு, கடைக்கு, கல்யாண மண்டபத்துக்கு.

கோபப்பட முடியவில்லை. கோபப்பட யாராவது ஒருத்தர் கெட்டவராக இருக்க வேண்டும். இங்கே அப்படி ஒருவரும் கிடைக்கவில்லை, தன்னைத் தவிர.

*

நாலு முப்பத்தைந்து. விளையாட்டுத் துறை அறை.

ஒரு மேஜை, இரண்டு அலமாரி, மூன்றாம் பரிசுக் கோப்பைகள். முதல் பரிசு ஒன்றே ஒன்று உண்டு, அது கயிறு இழுக்கும் போட்டிக்கு. அப்பா மேஜைக்குப் பின்னால். அத்தான் எதிரே. பெரியவள் ஜன்னல் பக்கம். ஏணி கதவுச் சட்டத்தில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தாள்.

"உக்காருமா" என்றார் அப்பா. "போறியா?"

"போறேன் மாஸ்டர்."

"யாராவது சொல்லிப் போறியா, நீயா போறியா?"

"நானா."

"அங்க போய் முதல் நாள் பந்தை மூஞ்சில வாங்காத. என் பேர் கெட்டுடும்."

ஏணி சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அத்தான் மெதுவாகத் தன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அப்பா" என்றாள் சின்னவள்.

எல்லோரும் திரும்பினார்கள். அந்த அறையில் அவள் தானாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"அவ இடது கால் சரியில்லப்பா."

ஏணி குனிந்துகொண்டாள். பெரியவள் ஜன்னலைப் பார்த்தாள்.

அத்தான்தான் முதலில் பேசினார். இந்தத் தடவை கேலி இல்லை. "இங்க பாரு. காலையில இருந்து பாக்கறேன். வருத்தம் புரியுது. ஆனா ஒரு பொண்ணு வாழ்க்கையில வெளையாடற. கால் சரியில்லன்னு ஒரு பேச்சு வெளிய போச்சுன்னா அவளை எவனும் எடுக்க மாட்டான். தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரிஞ்சுதான்."

"ஏம்மா, கால் வலிக்குதா?" அப்பா ஏணியைக் கேட்டார்.

"இல்ல மாஸ்டர்."

அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேஜையில் கையை ஊன்றி எழுந்தார்.

"எதுக்குப் பேச்சு? சுவர் இருக்கு. வாங்க."

கூடத்துச் சுவருக்கு முன்னால் ஐந்து பேரும் நின்றார்கள். நாலு நாற்பத்தாறு. சாக்பீஸ் தூள் டப்பாவை அப்பாவே திறந்து நீட்டினார். ஏணி வலது காலில் நின்று எம்பினாள். இருபத்தாறு.

"இப்ப இடது."

சின்னவள் ஏணியின் முகத்தைப் பார்த்தாள். அதில் வலியே இல்லை. நேற்று இருந்த சுளிப்பும் இல்லை. இரண்டு மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது. வலிதான் போயிருந்தது, உள்ளே இருந்தது போகவில்லை.

ஏணி எம்பினாள். கை மேலே போய்ச் சுவரில் அறைந்தது. வெள்ளை விரல்கள் பதிந்தன. இறங்கும்போது இரண்டு காலிலும் சேர்த்து இறங்கினாள், சாமர்த்தியமாக.

அப்பா கிட்டே போய்க் கோட்டை எண்ணினார். திரும்பினார்.

"இருபத்தஞ்சு."

அத்தான் மூச்சை விட்டார். "ஒரு சென்டிமீட்டர். மாமா, உங்க சட்டமே மூணு."

அப்பா மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். இரக்கம் இருந்தது. பிள்ளையைப் பிரிய முடியாமல் பொய் சொல்லிவிட்ட பெண்ணைப் பார்க்கிற பார்வை.

"பரவாயில்லடா" என்றார். "எனக்கும்தான் மனசில்ல."

மாத்திரை போட்டிருக்கிறாள் என்று ஒரு வார்த்தை போதும். சின்னவள் திரும்பிப் பார்த்தாள். அக்கா கூடவே வந்து சுவரோரமாக நின்றிருந்தாள். தோள் பையை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கண்கள் தங்கையை விட்டு நகரவில்லை. கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. அடி விழப்போகிற குழந்தை மாதிரி காத்துக்கொண்டிருந்தாள்.

அதைச் சொன்னால் அக்காவின் வீடு இன்றோடு உடையும். சொல்லாவிட்டால் இந்தச் சுவரே இவளுக்கு எதிராகச் சாட்சி.

அப்பா அறைக்கு நடந்துவிட்டார். எல்லோரும் பின்னால் போனார்கள். நாலு ஐம்பத்திரண்டு. அவர் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, பேனாவை எடுத்தார். அவர் கையெழுத்து நீளமானது. முதல் எழுத்தை எழுதிவிட்டு எப்போதும் ஒரு கணம் நிறுத்துவார்.

இன்னொரு சாட்சி இருந்தது. அது யாரையும் உடைக்காது, ஒருத்தியைத் தவிர.

சின்னவள் அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் படிவத்தின் மேலேயே வைத்தாள். அவர் எழுதியிருந்த முதல் எழுத்து மறைந்துவிட்டது.

"என்னடி இது?" என்றார் அப்பா.

அவள் என்ன சொல்வது என்று எதையும் எழுதி வைத்துக்கொண்டு வரவில்லை. ஆனால் எண்கள் அவளுக்கு மறக்காது.

"அப்பா, மூணு தாண்டினா உக்காரணும்னு நீங்க சொன்னது எனக்குத் தெரியும். யாருக்காகச் சொன்னீங்கன்னும் தெரியும். ஆறு வாரத்துக்கு முன்னாடி அவ இடது காலுக்கு நான் அளந்தது இருபத்திரண்டு. அடுத்த வாரம் இருபத்தொண்ணு. அதுக்கடுத்தும் இருபத்தொண்ணு. அப்புறம் இருபது. அப்புறம் பத்தொம்பது. நேத்தும் பத்தொம்பது." நோட்டின் ஆறு வரிகள் மேலும் விரலை ஓட்டினாள். "ஆறு திங்கக்கிழமையும், வலது காலுக்கு வந்ததைப் பாத்து இடது காலுக்கும் இருபத்தாறுன்னு எழுதினது நான்தான்."